தீனி போட்டு வரவழைத்த மானைச் சுடுவது வேட்டையா?

கேட்டவர்: எண்ணூர்க்காரன்

எல்லோருக்கும் வணக்கம். வீட்டுக்குள் நடக்கும் ஒரு சண்டையைப் பொதுவில் கொண்டுவருகிறேன். மற்ற ஊர்ப் பழக்கம் தெரிந்தவர்களிடம் கேட்டால்தான் எனக்கு இது விளங்கும்போல இருக்கிறது.

எனக்கு 46 வயது. காசிமேட்டில் ஒரு ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். வீடு எண்ணூரில், கழிமுகத்தை ஒட்டிய ஒரு குப்பத்தில். அப்பாவுக்கு 74. முட்டி விட்டுப்போகும் வரை கட்டுமரம், அப்புறம் ஃபைபர் போட் என்று ஆற்றிலும் கடலிலும் இருந்தவர்.

மார்கழி பிறந்த வாரம், டெக்சாஸில் இருக்கும் என் சித்தப்பா மகன் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் போட்டான். தரையில் ஒரு வெள்ளைவால் மான் கிடக்கிறது. பக்கத்தில் இவன் மண்டி போட்டு, அதன் கொம்பைத் தூக்கிப் பிடித்திருக்கிறான். கீழே ‘என் முதல் மான்’ என்று எழுதியிருந்தான். அப்பா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. எப்படிச் சுட்டான் என்று மட்டும் கேட்கச் சொன்னார்.

தம்பி வாய்ஸ் மெசேஜில் விவரம் சொன்னான். நண்பனுடைய நிலம். மூன்று கால் வைத்த ஒரு பீப்பாய், உள்ளே மக்காச்சோளம், அடியில் பேட்டரியில் ஓடும் டைமர். காலையிலும் சாயங்காலமும் ஒரே நேரத்துக்கு அது சோளத்தை வீசி இறைக்கும். இரண்டு மூன்று மாதம் இப்படிப் போட்டதில் மான்கள் நேரம் தெரிந்து வர ஆரம்பித்துவிட்டன. எண்பது மீட்டர் தள்ளிப் பரண். அங்கிருந்து ஒரே குண்டு.

அப்பா போனைக் கீழே வைத்துவிட்டு, “சோறு போட்ட கையாலயே சுட்டானா?” என்றார். அன்றிலிருந்து அவன் கூப்பிட்டால் எடுப்பதில்லை.

இதில் என்னைக் குழப்புவது என்னவென்றால், அப்பா வேட்டை தெரியாதவர் இல்லை. 1960களில், பத்துப் பன்னிரண்டு வயதில், என் தாத்தாவோடு கழிமுகச் சேற்றில் உள்ளான் என்கிற சின்னக் கரைப்பறவைக்குக் கண்ணி வைத்தவர். அந்தக் கண்ணியில் ஒன்று இன்னும் வீட்டில் இருக்கிறது. ஒரு முழ நீளக் கயிறு, அதில் விரற்கடைக்கு ஒன்றாக, குதிரை வால் மயிரில் திரித்த சுருக்குகள். திருவொற்றியூரில் ஜட்கா நிறுத்துமிடத்தில் கேட்டு வாங்கிவந்த மயிராம். மூங்கில் சிம்புகளை நட்டு, கயிறு சேற்றோடு சேற்றாகப் படிந்திருக்கும்படி கட்டுவார்கள். தண்ணீர் வற்றும்போது இரை பொறுக்க நடந்து வரும் உள்ளானின் கால் சுருக்கில் மாட்டும்.

தாத்தா மூன்று விஷயத்தில் கண்டிப்பாக இருந்தாராம். கண்ணி வைத்துவிட்டு வீட்டுக்குப் போகக் கூடாது. பறவை மாட்டிக்கொண்டு கிடந்து தவிக்கக் கூடாது, அல்லது நாய் வந்து கடித்துவிடக் கூடாது என்பதற்காக. வெயிலோ பனியோ, கரையிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். அடுத்து, முதலில் மாட்டுகிற பறவையை அவிழ்த்து விட்டுவிட வேண்டும். மூன்றாவது, மாசி பிறந்தால் கண்ணியைச் சுருட்டிப் பரணில் போட்டுவிட வேண்டும். அது ஏன் என்று அப்பா சின்ன வயதில் கேட்டதற்கு, “ஊருக்குக் கெளம்புறவன வழி மறிக்கக் கூடாது” என்றாராம். வலசைப் பறவைகள் திரும்பிப் போவதற்கு முன் உடம்பில் கொழுப்பு ஏற்றிக்கொள்ளும் காலம் அது. தாத்தாவுக்கு அந்தக் கணக்குத் தெரிந்திருக்கிறது.

எல்லாம் சரி. ஆனால் ஒன்பதாவது படிக்கும் என் மகள் சாப்பிடும்போது ஒன்று கேட்டாள்: “தூண்டில்ல எறா குத்திப் போடுறீங்களே தாத்தா, அதுவும் சோறுதானே?” அப்பா பதில் சொல்லவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

உங்கள் ஊரில் வேட்டைக்கு எது முறை, எது முறையில்லை என்று பெரியவர்கள் சொல்வார்கள்? இன்றைக்கு இங்கே உள்ளானுக்குக் கண்ணி வைப்பது சட்டப்படி குற்றம் என்று எனக்குத் தெரியும். அதை மறுபடி தொடங்கும் எண்ணம் யாருக்கும் இல்லை. அப்பாவுடைய கோபத்தில் நியாயம் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

பதில்: சீமைக்காரன்

அண்ணே, நான் சிவகங்கைப் பக்கம். எங்கள் ஊரில் சிவராத்திரியை ஒட்டி முயல் வேட்டை இருந்தது. தாத்தா காலத்தில் வளரி என்கிற வளைந்த எறிகட்டையை வீசியிருக்கிறார்கள், அப்பா காலத்தில் கம்பும் நாயும். நான் கடைசியாகப் போனது பதினான்கு வயதில்.

முறை என்று கேட்டீர்கள். எங்களுக்கு முறை என்றால் முதலில் பங்குதான். யார் நாய் பிடித்தது, யார் கம்பு முதலில் பட்டது என்பதெல்லாம் பேச்சுக்குத்தான். கறி ஊர் முழுக்கப் போகும். ஆம்பளை இல்லாத வீட்டுக்கும் ஒரு பங்கு, நாய்க்கும் ஒரு பங்கு. பங்கை மறைத்தவனை அடுத்த வருஷம் கூப்பிட மாட்டார்கள். சினை முயல் சிக்கிவிட்டால் அன்றைக்கு வேட்டை அத்தோடு முடிந்தது. ஒருத்தரும் வாய் திறக்காமல் வீட்டுக்குத் திரும்புவோம். ஒரு தடவை அப்படித் திரும்பி வந்தது ஞாபகம் இருக்கிறது. அன்று ராத்திரி அப்பா சாப்பிடவில்லை.

அப்புறம் நெற்றி லைட் வந்தது. முயல் கண்ணில் வெளிச்சம் அடித்தால் அது ஓடாது, அப்படியே நிற்கும். பைக்கில் இரண்டு பேர் போய் ஒரே ராத்திரியில் பத்து பன்னிரண்டு அள்ளிக்கொண்டு வந்து விற்க ஆரம்பித்தார்கள். ஊர்ப் பெரியவர்கள் அதை வேட்டை என்று ஒருநாளும் சொன்னதில்லை. திருட்டு என்றுதான் சொன்னார்கள். வனத்துறை கெடுபிடி செய்து அபராதம் போட ஆரம்பித்தபோது, பெரியவர்களில் பாதிப் பேருக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது. வெளியில் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதே மாவட்டத்தில்தான் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் இருக்கிறது. கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை, பறவை கலைந்துவிடும் என்று. சின்னப் பிள்ளைகள்கூட ஒரு சரம் கேட்டு அடம் பிடிப்பதில்லை. முயலுக்குக் கம்பெடுத்த அதே சனம்தான், நாரைக்காக வாயைக் கட்டிக்கொண்டு இருக்கிறது. இதை வெளியூர்க்காரருக்குப் புரியவைக்க என்னால் முடிந்ததே இல்லை. எங்களுக்குள் இதில் முரண் எதுவும் கிடையாது. நாரை நம் கண்மாயை நம்பிக் குஞ்சு பொரிக்க வந்தது. நம்பி வந்ததைத் தொடக் கூடாது.

உங்கள் அப்பா சொல்வதும் இதேதான் என்று எனக்குப் படுகிறது. அந்த மான் சோளத்தை நம்பி வந்தது.

பதில்: நாகைத்துறை

முதல் பறவையை விடுவது பற்றிப் படித்ததும் உடம்பு சிலிர்த்தது. அதிபத்த நாயனார் எங்கள் நாகப்பட்டினத்துப் பரதவர். வலையில் விழும் முதல் மீனை சிவனுக்கென்று கடலில் விட்டவர். ஒரு மீன்தான் சிக்கும் நாளிலும் அதை விட்டுவிட்டுப் பட்டினியாகப் படுத்தவர். ஆவணியில் இன்றைக்கும் தங்கமீன் விடும் திருவிழா நடக்கிறது. உங்கள் தாத்தா அதைக் கேட்டுச் செய்தாரோ, தானாகச் செய்தாரோ, கரையோரம் முழுக்க இந்த எண்ணம் இருந்திருக்கிறது. உங்கள் அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

பதில்: மைன்நதிக்கரை

நான் பன்னிரண்டு வருடமாக ஜெர்மனியில், ஃபிராங்க்ஃபர்ட் பக்கம் இருக்கிறேன். என்னோடு வேலை செய்யும் ஒருவர் வேட்டைக்காரர். இங்கே துப்பாக்கி வாங்கினோம், காட்டுக்குப் போனோம் என்று முடியாது. மாதக்கணக்கில் வகுப்பு, அப்புறம் தேர்வு. விலங்கின் நோய், காட்டு மரம், சட்டம், குறி எல்லாவற்றிலும் கேள்வி வரும். நிறையப் பேர் தோற்றுப் போகிறார்கள்.

ஒருமுறை அவரோடு போனேன். சின்ன ஜாதி மான் ஒன்று விழுந்தது. அவர் பக்கத்தில் போய்த் தொப்பியைக் கழற்றினார். ஒரு சிறு கிளையை ஒடித்து மானின் வாயில் வைத்தார். ‘கடைசிக் கவளம்’ என்று அதற்குப் பெயர். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. எனக்கு வாய்க்கரிசிதான் ஞாபகம் வந்தது. போன வருடம் என் பெரியம்மாவுக்கு நான் போட்டுவிட்டு வந்த வாய்க்கரிசி.

ஆனால் இதையும் சொல்லியாக வேண்டும். அதே மனிதர் காட்டுப்பன்றிக்குக் கொஞ்சம் மக்காச்சோளம் போட்டு வைத்துக் காத்திருக்கிறார். இங்கே பல மாநிலங்களில் அது அனுமதி உண்டு. எவ்வளவு போடலாம், எங்கே போடலாம் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பன்றி வயலை அழிக்கிறது, இருட்டில் ஓடுகிற பன்றியைச் சுட்டுக் காயப்படுத்துவதைவிட நிற்கிற பன்றியைச் சுடுவது மேல் என்பது அவர் வாதம். நாய்களை விட்டு விலங்கைக் களைக்கும் வரை துரத்திக் கொல்வதைத்தான் அவர் கொடுமை என்பார். ஆனால் இங்கிலாந்தில் நரியை அப்படித் துரத்துவது பெருமைக்குரிய பழக்கமாகவே இருந்தது. 2004இல் சட்டம் போட்டுத்தான் நிறுத்தினார்கள். நம் ஊட்டியிலும் வெள்ளைக்காரர்கள் குதிரையேறி நாய்க்கூட்டத்தோடு குள்ளநரியைத் துரத்தியவர்கள்தான்.

ஆகவே சோளம் போட்டதற்காக மட்டும் உங்கள் தம்பியைத் தள்ளிவைக்க வேண்டாம் என்பேன். சுட்ட பிறகு அவர் அந்த மானை எப்படி நடத்தினார் என்று கேட்டுப் பாருங்கள்.

பதில்: ஒற்றியூர் மீனா

நானும் வடசென்னைதான். தை, மாசியில் ராத்திரிகளில் ஆமை முட்டை தேடிக் கடற்கரையில் நடக்கும் தன்னார்வலர்களில் ஒருத்தி.

சட்டத்தைத் தெளிவாக ஒருமுறை சொல்லிவிடுகிறேன், சின்னப் பிள்ளைகளும் படிக்கக்கூடும். 1972ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தில் ‘வேட்டை’ என்றால் சுடுவது மட்டும் இல்லை. கண்ணி வைப்பது, வலை விரிப்பது, விஷம் வைப்பது, முட்டை எடுப்பது, இவற்றுக்கு முயற்சி செய்வதும் வேட்டைதான்.

இந்தச் சட்டம் வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது எண்ணம் கிடையாது. ஆனால் அதன் பாரம் எல்லோர் மேலும் ஒரேமாதிரி விழவில்லை. பாம்புத் தோல் வியாபாரம் தடைப்பட்டபோது இருளர்கள் பிழைப்பில்லாமல் நின்றார்கள். 1978இல் வடநெம்மேலியில் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வந்த பிறகுதான், அதே கைகள் பாம்பைப் பிடித்து விஷம் எடுத்துவிட்டுத் திரும்பக் காட்டில் விட ஆரம்பித்தன. நாலு வகைப் பாம்பின் விஷம், அதிலிருந்துதான் நாட்டின் பாம்புக்கடி மருந்தில் பெரும்பங்கு. நரிக்குறவர்களுக்கு அப்படி ஒரு மாற்று அமையவில்லை. பாசிமணி கட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் நிற்கிறார்கள்.

இன்னொரு விஷயம் என் மனதைப் பிசைகிறது. 2025 ஜனவரியில் நம் கடற்கரையில் செத்து ஒதுங்கிய பங்குனி ஆமைகளை எண்ணினோம். ஒரு ராத்திரியில் நானே பதினேழு எண்ணினேன். கண் பிதுங்கி, கழுத்து வீங்கி, ஓட்டில் ஒரு கீறல்கூட இல்லாமல். ஒன்றையும் யாரும் வேட்டையாடவில்லை. வலையில் மாட்டி, மூச்சுக்கு மேலே வர முடியாமல் செத்தவை. கரையிலிருந்து ஐந்து கடல்மைலுக்குள் இழுவைமடி, அதாவது விசைப்படகு இழுத்துப்போகும் பெரிய வலை, வரக் கூடாது என்று விதி இருக்கிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் பரவியபோது உங்கள் கழிமுகத்தில் கூழைக்கடாக்கள் இறக்கை ஒட்டிப்போய் உட்கார்ந்திருந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவற்றையும் யாரும் குறிபார்க்கவில்லை.

உங்கள் தாத்தா கண்ணி வைத்துவிட்டுக் கரையிலேயே உட்கார்ந்திருந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் பிடித்துக்கொண்டது அந்த ஒரு வரியைத்தான். போட்ட வலையில் என்ன சாகிறது என்று பார்க்க ஆள் இருந்திருக்கிறார்.

பதில்: எண்ணூர்க்காரன் (கேட்டவர்)

எல்லோருக்கும் நன்றி. பதில் எழுதப் பத்து நாள் ஆகிவிட்டது. ஒவ்வொன்றையும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். வாய்க்கரிசி பற்றி வந்ததும் நிறுத்தச் சொன்னார். “இன்னொருவாட்டி படி” என்றார். படித்தேன்.

மீனா அக்கா, கூழைக்கடாவைப் பார்த்தேன். அப்பா சாக்குத்துணியை நனைத்துக்கொண்டு ஒன்றைத் துடைக்கப் போனார், அது அவரைப் பக்கத்தில் விடவில்லை. அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து அவர் கண்ணி வைத்த சேறே இப்போது பாதி இல்லை. நடந்தால் காலில் சாம்பல்தான் ஒட்டும். இருளர் பெண்கள் இன்னமும் அதில் குனிந்து, பறி என்கிற ஓலைக்கூடையை வாயில் கடித்துக்கொண்டு கையாலேயே எறா தடவி எடுக்கிறார்கள். மழைநாளில் கூடக்கொஞ்சம் கிடைக்கும், மற்ற நாளில் ஒரு வேளைக் குழம்புக்குத் தேறினால் பெரிது.

மகள் கேட்ட கேள்விக்கு அப்பா ஒருநாள் தானாகவே பதில் சொன்னார். பொங்கலுக்கு முந்தின நாள், தெருவில் உட்கார்ந்திருந்தபோது. அவர் வார்த்தையிலேயே போடுகிறேன்:

“தூண்டில்ல வர்ற மீனு அன்னிக்குப் பசிக்கு வருது. அது யாரு, நா யாரு, ரெண்டு பேருக்கும் தெரியாது. இவன் மூணு மாசம் வேளாவேளைக்குத் தீனி போட்டுக்கிறான். அப்ப அது வூட்டு ஆடு மாதிரி. ஆட்ட அறுக்கலாம், நாமளும் அறுக்கிறோம். ஆட்ட அறுத்துட்டு அது தலையத் தூக்கிப் புடிச்சிப் போட்டோ எடுத்துப்பமா? வேட்டன்னு ஊருக்குச் சொல்லுவமா?”

மகள் சும்மா விடவில்லை. “அப்ப சோளம் போட்டது தப்பில்லையா தாத்தா?” என்றாள். “போட்டுட்டு அறுத்தேன்னு சொல்லட்டும்” என்றார்.

அன்றைக்கே தம்பியை வீடியோவில் கூப்பிட்டேன். அப்பா தள்ளி உட்கார்ந்திருந்தார், ஆனால் எழுந்து போகவில்லை. தம்பி சொன்னதில் எனக்கே தெரியாத ஒரு சங்கதி இருந்தது. அவன் முதலில் பென்சில்வேனியாவில் வேலை பார்த்தவன். அங்கே பெரும்பாலான இடங்களில் மானுக்குத் தீனி போட்டுச் சுடுவது குற்றம். ஒரே இடத்தில் மான்கள் வாய் வைத்துத் தின்றால் மூளை உருக்கும் ஒரு நோய் பரவும் என்பது ஒரு காரணம். அது ஆண்மையான வேட்டை இல்லை என்று அங்குள்ள பழைய ஆட்கள் முகம் சுளிப்பது இன்னொன்று. டெக்சாஸுக்கு வந்தால் அநேகமாக எல்லாம் தனியார் நிலம், வேலிக்கு வேலி சோளப் பீப்பாய். “நானும் முதல்ல தயங்கினேன் பெரியப்பா. ஆனா அங்க ஒருத்தர் ஓடுற மானச் சுட்டு, அது வயித்துல குண்டோட ராத்திரி பூரா காட்டுல அலைஞ்சது. காலையிலதான் கிடைச்சிது. அதப் பாத்ததுல இருந்து நிக்கிற மானத்தான் சுடணும்னு இருந்தேன். இது ஒரே குண்டு. துடிக்கவே இல்ல.”

அப்பா அப்போதுதான் திரும்பினார். “துடிக்கலியா?”

“இல்ல பெரியப்பா.”

“கறி?”

“பாதி நிலத்துக்காரருக்கு, பக்கத்து வீட்டுல ஒரு கிழவி இருக்காங்க, அவங்களுக்குக் கொஞ்சம். மீதி ஃப்ரீசர்ல.”

“அது சரி” என்றார் அப்பா. கொஞ்ச நேரம் கழித்து, “அந்தப் படத்த எடுத்துடு” என்றார். தம்பி எடுக்கிறேன் என்று சொல்லவில்லை. “எனக்கு அது சந்தோஷமான நாள் பெரியப்பா” என்று மட்டும் சொன்னான். படம் இன்னும் குழுவில் இருக்கிறது. ஆனால் இப்போது அவன் கூப்பிட்டால் அப்பா எடுக்கிறார். நேற்று அங்கே பனி எப்படி என்று இவரே கேட்டார்.

என் அபிப்பிராயத்தையும் சொல்லிவிடுகிறேன். அம்மா ஊர் பழவேற்காடு. அங்கே ஏரியில் பாடு முறை உண்டு. எந்த இடத்தில் என்றைக்கு யார் வலை போடுவது என்று தலைக்கட்டுக்காரர்கள் சீட்டுப் போட்டு எடுத்துக்கொள்வார்கள். மீன் எவ்வளவு கிடந்தாலும் தன் முறை வராதவன் கரையில்தான் நிற்க வேண்டும். சின்ன வயதில் மாமாவோடு அப்படி நின்றிருக்கிறேன். கண்முன்னால் மடவை துள்ளுகிறது, மாமா பீடியைப் பற்றவைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார். அந்த முறையிலும் எல்லோருக்கும் இடம் இல்லை என்பது பெரியவன் ஆன பிறகுதான் எனக்கு உறைத்தது. இருந்தாலும், எடுக்கத் தெரிந்தவன் எடுக்காமல் நிற்பதை முதலில் பார்த்தது அங்கேதான். கண்ணி வைத்துவிட்டு வெயிலில் உட்கார்ந்திருந்த தாத்தாவும், நிற்கிற மானுக்காகக் காத்திருந்த தம்பியும், அந்த மாமாவுக்குப் பக்கத்தில் நிற்கிறவர்கள்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அப்பா இதை ஒப்புக்கொள்ளவில்லை. “அவன் பரண்ல நாற்காலி போட்டுக் குந்தினு இருந்தான்” என்கிறார்.

காணும் பொங்கல் அன்று மகள் பரணிலிருந்து கண்ணியை எடுத்துவந்தாள். மொட்டை மாடியில் கட்டட மணல் கொஞ்சம் கிடந்தது. அப்பா அதில் தண்ணீர் தெளித்துத் தட்டி, இரண்டு சிம்பு நட்டு, கயிற்றை மணலோடு படியவிட்டார். அறுபது வருடப் பழைய மயிர், சில சுருக்குகள் பொடிந்துபோயிருந்தன. மீதியை விரல் நுனியில் எச்சில் தொட்டு ஒவ்வொன்றாக வட்டமாக்கினார். கை நடுங்கியது, ஆனால் சுருக்கு நடுங்கவில்லை. “வெரல வெச்சி நட” என்றார். மகள் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் கால் மாதிரி மணலில் நடக்கவிட்டாள். மூன்றாவது அடியில் நடுவிரல் மாட்டியது. இழுக்க இழுக்க இறுகியது.

“வலிக்குதா?”

“இல்ல தாத்தா. ஆனா போக முடியல.”

“இழுக்காத, சும்மா இரு” என்று சொல்லிவிட்டு, அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, குனிந்து முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தார்.